பிராக்கில் பணம் பறிபோகும் இடங்கள்

செக் குடியரசின் தலைநகரான பிராக் என்றதும் அங்குள்ள சார்லஸ் பாலத்து ஜேப்படிக்காரர்களைப் பற்றித்தான் எல்லோரும் எச்சரிப்பார்கள். அவர்களும் இருக்கிறார்கள். ஆனால் பல பயணிகளின் பணம் கண்ணெதிரே, கையில் ரசீதோடு போகிறது.

செக் குடியரசு ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தாலும் அங்கே செல்லும் நாணயம் யூரோ அல்ல, கொருனா. சந்தையில் ஒரு யூரோவுக்கு ஏறக்குறைய 24, 25 கொருனா. பழைய நகரத்துக் கரன்சி கடைகளில் ‘கமிஷன் 0%’ என்று பெரிதாக எழுதியிருக்கும். பொய்யில்லை, கமிஷன் எடுக்க மாட்டார்கள், விலையிலேயே எடுத்துவிடுவார்கள். பலகையில் கண்ணில் படும் எண் பல சமயம் அவர்கள் யூரோவை விற்கும் விலை. நீங்கள் யூரோ கொடுத்தால் உங்களுக்குப் பொருந்துவது ‘நாகுப்’, அதாவது வாங்கும் விலை. அது 17 என்று வைத்துக்கொள்ளுங்கள்: 200 யூரோவுக்கு 3,400 கொருனாதான் கைக்கு வரும். நியாயமான கடையில் 4,800 வந்திருக்கும். நோட்டை நீட்டுவதற்கு முன், “200 யூரோ கொடுத்தால் எத்தனை கொருனா தருவீர்கள்?” என்று கேட்டு, தொகையை எழுதிக் காட்டச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் நடையைக் கட்டுங்கள்.

மாற்றிய பிறகுதான் உறைத்தது என்றால் உடனே திரும்பி ஓடுங்கள். 2019 ஏப்ரல் முதல் அங்கே ஒரு சட்டம் உண்டு: 1,000 யூரோ வரையிலான மாற்றத்தை மூன்று மணி நேரத்துக்குள் காரணம் சொல்லாமலே ரத்து செய்யலாம். ரசீதும் வாங்கிய கொருனாவும் வேண்டும். கடைக்காரர் முணுமுணுப்பார், செக் தேசிய வங்கியில் புகார் செய்வேன் என்று சொல்லுங்கள், அந்தக் கடைகளைக் கண்காணிப்பது அதுதான்.

தெருவில் “நல்ல விலை தருகிறேன்” என்று வருபவரிடம் பேச்சே வேண்டாம். அவர் எண்ணிக் கொடுப்பது செல்லாத பழைய பெலாரஸ் ரூபிளாக இருக்கலாம், ஹங்கேரி ஃபொரின்டாகவும் இருக்கலாம். 2,000 ஃபொரின்ட் என்பது ஐந்து யூரோ சொச்சம். 2,000 கொருனாவோ எண்பது யூரோ. அசல் நோட்டில் ‘செஸ்கா நாரொத்னி பாங்கா’ என்று வங்கியின் பெயர் இருக்கும். 1,000 நோட்டில் வரலாற்றாசிரியர் பலாட்ஸ்கியின் படம், 2,000-இல் பாடகி எமா டெஸ்டினோவாவின் படம். “கள்ள நோட்டு சோதனை, பர்ஸைக் காட்டு” என்று சாதாரண உடையில் யாராவது வந்து நின்றால் பர்ஸை எடுக்காதீர்கள். காவல்துறையின் எண்ணான 158-ஐ அழைக்கிறேன் என்று சொன்னாலே பெரும்பாலும் நழுவிவிடுவார்கள்.

ஏடிஎம்மிலும் பொறி உண்டு. சுற்றுலாத் தெருக்களில் தனியாக நிற்கும் இயந்திரங்கள் பெரிய தொகைகளையே முதலில் காட்டும். பிறகு உங்கள் நாட்டு நாணயத்தில் கணக்கிடட்டுமா என்று கேட்கும். மறுத்துவிடுங்கள். கொருனாவிலேயே கணக்கிடச் சொல்லுங்கள், இல்லையென்றால் இயந்திரம் தன் விலையைப் போட்டுவிடும். கடையில் கார்டு தேய்க்கும்போதும் இதே விதிதான். வங்கிக் கிளையின் சுவரில் இருக்கும் ஏடிஎம்மே மேல். இந்தியாவிலிருந்து யூரோ ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டு கொண்டுபோகிறவர்கள் ‘கிராஸ் கரன்சி’ கட்டணம் (ஏற்றிய நாணயத்தை விட்டு வேறு நாணயத்தில் செலவழித்தால் பிடிப்பது) எவ்வளவு என்று வங்கியில் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

பழைய நகரச் சதுக்கத்தில் கனலில் சுழலும் பன்றித்தொடையின் வாசனை ஆளை இழுக்கும். பலகையில் போட்டிருக்கும் விலை 100 கிராமுக்கு. ‘100 கிராம்’ என்பது மட்டும் பொடி எழுத்தில் இருக்கும். கேட்காமலே 400, 500 கிராம் வெட்டித் தராசில் வைத்துவிடுவார்கள். பில் நாலைந்து மடங்காகும். “150 கிராம்” என்று வெட்டுவதற்கு முன்பே சொல்லி, தராசைப் பாருங்கள். பக்கத்தில் பெரிய சட்டியில் கிளறும் ஹலுஷ்கி எனும் சிறு உருளைக்கிழங்கு மாவு உருண்டைகளும் எடைக்கணக்குதான், அதில் பன்றி இறைச்சித் துண்டும் கலந்திருக்கும், சைவக்காரர்கள் கவனம். உணவகத்தில் கேட்காமல் மேஜைக்கு வரும் ரொட்டிக்கும் பிரெட்சலுக்கும் காசு உண்டு.

டிராம், மெட்ரோவில் காகித டிக்கெட் வாங்கினால் மட்டும் போதாது. மெட்ரோவில் நுழையும் இடத்திலோ டிராமுக்குள்ளோ இருக்கும் மஞ்சள் பெட்டியில் ஒருமுறை முத்திரை குத்த வேண்டும். குத்தாத டிக்கெட்டும் டிக்கெட் இல்லாததும் பரிசோதகருக்கு ஒன்றே, சுற்றுலாப் பயணி என்ற சலுகை கிடையாது. டிராமுக்குள் கார்டு காட்டி எடுக்கும் டிக்கெட்டுக்கு முத்திரை தேவையில்லை. செயலியில் வாங்கினால் ஏறுவதற்கு முன்பே இயக்கிவிடுங்கள், செல்லுபடியாகக் கொஞ்ச நேரம் பிடிக்கும்.

பிராக் கோட்டையின் முற்றங்களுக்குள் நுழையக் கட்டணமே இல்லை. டிக்கெட் உள்ளிருக்கும் கட்டடங்களுக்குத்தான். ‘வரிசையில் நிற்க வேண்டாம்’ என்று கூடுதல் விலைக்கு விற்கும் டிக்கெட் இருந்தாலும், பாதுகாப்புச் சோதனை நடந்தால் அந்த வரிசையைத் தாண்ட முடியாது. ஞாயிறு காலையில் புனித வீட்டுஸ் பேராலயத்தில் வழிபாடு நடக்கும், பயணிகளை விட மாட்டார்கள்.

வெளியூர்ப் பயணத்தில் ஏஜென்ட் எதைச் சொல்லாமல் விடுகிறார் என்று பாருங்கள். கார்ல்ஷ்டெய்ன் கோட்டைக்குள் வழிகாட்டியோடு மட்டுமே போக முடியும். புகழ்பெற்ற புனிதச் சிலுவைச் சிற்றாலயம் தனிச் சுற்றில் வருகிறது, அதற்கு முன்பதிவு வேண்டும். சாதாரணச் சுற்றுலாப் பேக்கேஜில் அது இருக்காது. பிராக் முதன்மை நிலையத்திலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரத்துக்குள் நீங்களே போய்விடலாம். நகர எல்லைக்குள் செல்லும் டிக்கெட் அங்கே செல்லாது. நிலையத்திலிருந்து கோட்டை வரை அரை மணி நேர ஏற்றம்.

குட்னா ஹோரா என்ற பழைய ஊருக்கும் ரயிலில் ஒரு மணி நேரம்தான். மனித எலும்புகளால் அலங்கரித்த எலும்பு ஆலயம் அந்த ஊரின் முதன்மை நிலையத்துக்குப் பக்கத்திலேயே, செட்லெட்ஸ் பகுதியில் இருக்கிறது. டிக்கெட்டை அதன் வாசலில் கேட்காமல் செட்லெட்ஸ் பேராலயத்துக்கு அருகிலுள்ள தகவல் மையத்தில் முதலில் வாங்கிவிட்டுப் போங்கள். உள்ளே படமெடுக்க 2020 முதல் தடை.