ஒரு புறநானூற்று வரியைச் சரிபார்க்க: நூலகமா, இணையமா?

புறநானூற்று வரி என்று வாட்ஸ்அப்பில் வலம்வரும் ஒன்றை மேடையில் சொல்வதற்கு முன், அது உண்மையிலேயே அந்நூலில் உள்ளதா என்று அறிய விரும்புபவருக்கு இணையமே விரைவான வழி. தமிழ் இலக்கியங்களை மின்னூல்களாக இணையத்தில் வழங்க 1998 பொங்கலன்று தொடங்கப்பட்ட மதுரைத் திட்டத்தின் புறநானூற்று மின்னூலைத் திறந்து சொல்லைத் தேடினால், நூலகத்தில், சொற்கள் வரும் இடங்களைப் பட்டியலிடும் சொல்லடைவைப் புரட்டிக் காண வேண்டியது சில நொடிகளில் கிடைத்துவிடும்.

ஆனால், வரி நூலில் உள்ளது என்று அறிவது வேறு, அதன் பாடம், அதாவது சொற்களின் வடிவம், சரியானதுதானா என்று அறிவது வேறு. உ.வே.சாமிநாதையர் ஏட்டுச்சுவடிகளை ஒப்பிட்டு 1894இல் வெளியிட்ட புறநானூற்றின் வழிவந்த நல்ல பதிப்பை நூலகத்தில் எடுத்தால், சுவடிக்குச் சுவடி மாறும் பாடபேதங்கள் அடிக்குறிப்பிலும், ஏடு சிதைந்த இடங்கள் புள்ளிகளாகவும் நம் கண்முன் நிற்கும். 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவே இல்லை என்பதும் தெரியும். (ஆகவே 267ஆம் பாட்டு என்ற குறிப்போடு ஒரு வரி வந்தால் அதை அப்போதே ஒதுக்கிவிடலாம்.) தெரியாததைத் தெரியாது என்று பதிப்பாசிரியர் எழுதிவைத்த இந்த நேர்மையையே நான் நம்பகத்தன்மையின் முதல் அடையாளமாகக் கருதுகிறேன். மதுரைத் திட்டத்தார் தட்டச்சு செய்தவர், மெய்ப்புப் பார்த்தவர் பெயர்களை முகப்பிலேயே தருகிறார்கள். அங்கிருந்து படியெடுத்து ஒட்டும் பக்கங்களில்தான் அந்த விவரம் உதிர்ந்துபோகிறது.

நூலகத்திலும் குறை உண்டு. அவசரமாக அச்சிட்ட மலிவுப் பதிப்பின் பிழை, அந்தப் படி அலமாரியில் இருக்கும்வரை திருத்தப்படாமலே கிடக்கும். அதைவிடப் பெரிய ஆபத்து அழிவு: 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் அரிய சுவடிகளும் சாம்பலாயின. 2005 முதல் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வருடி வழங்கிவரும் ‘நூலகம்’ என்னும் இணையதளத்தின் அருமை அந்த இழப்பை அறிந்தவர்களுக்கு நன்றாகவே புரியும். அங்கே அச்சுப் பக்கமே படமாகக் கிடைப்பதால் பதிப்பகம், ஆண்டு, அச்சுப்பிழை எல்லாம் உள்ளபடியே தெரிகின்றன. தட்டச்சு செய்த மின்னுரையைவிட நான் பக்கப் படத்தை நம்புவது இதனால்தான்.

பாட்டின் எண்ணை மின்னூலில் கண்டு, பக்கப் படத்தில் ஒப்பிட்டபின்னும் பொருளில் ஐயம் எஞ்சினால் நூலகத்துக்கே போகிறேன். அங்கே பழைய உரையையும் ஔவை துரைசாமிப் பிள்ளை உரையையும் ஒரே மேசையில் விரித்து வைத்துப் படிக்க முடிகிறது.