மலைக்கு எந்தக் குட்டி லேப்டாப்?

போன நவம்பரில் கீழ் கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைக் கொட்டகையில் மழைக்கு ஒதுங்கி நின்றேன். இலை எடை போடும் அண்ணன் என் தோள்பையை வாங்கித் தராசுக் கொக்கியில் மாட்டிவிட்டார். 4 கிலோ 300 கிராம். "ஈரத்துக்குக் கழிச்சு நாலுன்னு எழுதிக்கலாமா?" என்றார். எல்லோரும் சிரித்தோம். பைக்குள் 15.6 அங்குல லேப்டாப் 2 கிலோ 200, செங்கல் மாதிரி சார்ஜர் அரைக் கிலோ, மிச்சம் கணக்கு நோட்டும் குடையும் தண்ணீர் பாட்டிலும்.

சுய உதவிக் குழுக்களுக்கும் ஓரிரு இலை ஏஜென்டுகளுக்கும் கணக்கு எழுதுவது என் வேலை. வாரத்தில் நான்கு நாள் பஸ், பஸ் போகாத இடத்துக்கு நடை. அதே சமயத்தில் கோயம்புத்தூரில் பி.காம். படிக்கும் அக்கா மகளுக்கும், பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியருக்கும் ஆளுக்கொரு லேப்டாப் தேவைப்பட்டது. சரி, மூன்று பேருக்கும் சேர்த்தே தேடுவோம் என்று இறங்கினேன். தலைக்கு 20,000 ரூபாய். எடை ஒன்றரைக் கிலோவுக்குள். தமிழ் வேகமாக அடிக்க வர வேண்டும்.

முதலில் ஒரு வீண் பயத்தை ஓரம் கட்டிவிடுகிறேன். மலை உயரத்தில் கம்ப்யூட்டர் சீக்கிரம் கெட்டுப்போகும் என்று இங்கே ஒரு பேச்சு உண்டு. ஊட்டி 2,240 மீட்டர்; தொட்டபெட்டா உச்சியே 2,637தான். பெரும்பாலான லேப்டாப்கள் 3,048 மீட்டர், அதாவது 10,000 அடிவரை ஓடும் என்றுதான் தயாரிப்பாளர்கள் குறிப்பிடுகிறார்கள். நம்மைப் படுத்துவது ஈரமும் கரண்ட் கட்டும். கூடலூர், பந்தலூர் பக்கம் தென்மேற்குப் பருவத்தில் கொட்டும் என்றால், கோத்தகிரியும் குன்னூரும் ஐப்பசி கார்த்திகையில் மாட்டிக்கொள்ளும். லைனில் மரம் விழுந்தால் அன்றைக்கு மாலைவரை கரண்ட்டை எதிர்பார்க்க முடியாது. பழைய சுழலும் ஹார்டு டிஸ்க் உள்ளதையும் தவிர்த்துவிடுங்கள். குஞ்சப்பனை வழியாக மேட்டுப்பாளையம் இறங்கும் பஸ்ஸில் அது படும் அடி நமக்கே வலிக்கும்.

கடைகளில் முதலில் எடுத்துக் காட்டியது, விலை மலிவான 11.6 அங்குல, 14 அங்குலப் புது விண்டோஸ் லேப்டாப்கள். 4 ஜிபி ரேம், 64 ஜிபி இஎம்எம்சி (மலிவு வகைச் சேமிப்பு). பளபளப்பாக இருக்கும், ஒரு வருட வாரன்டி உண்டு. ஆனால் விண்டோஸ் 11 கேட்கும் குறைந்தபட்ச அளவே 4 ஜிபி ரேமும் 64 ஜிபி இடமும்தான். குறைந்தபட்சம் என்றால் நிற்கலாம், நடக்க முடியாது. பெரிய அப்டேட் வரும்போதெல்லாம் இடம் போதாமல் எதையாவது அழித்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த ரேமும் இஎம்எம்சியும் போர்டோடு ஒட்டியவை என்பதால் பின்னால் கூட்டவும் வழியில்லை. புதிதாக வாங்கித்தான் ஆவேன் என்பவர்கள் இன்டெல் என்100 பிராசஸர், 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி (சுழலாத, வேகமான சேமிப்பு) என்று கேளுங்கள். 2023இல் வந்த இந்தச் சிப்பில் நான்கு கோர். வெறும் 6 வாட் வகை. ஆனால் அந்தக் கூட்டணி என் பட்ஜெட்டுக்குள் வரவில்லை.

2007இல் வந்த அசூஸ் ஈ பிசி நினைவிருக்கிறதா? 7 அங்குலத் திரை, ஒரு கிலோவுக்கும் கீழே, 4 ஜிபி சேமிப்பு, உள்ளே விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ். அதன் பிறகு நெட்புக் என்ற பெயரில் வந்த குட்டி லேப்டாப்களில் ஒன்றை நானும் வைத்திருந்தேன். தூக்க சுகம், அடிக்கக் கஷ்டம். அதிலிருந்து கற்றுக்கொண்டதால்தான் இந்த முறை எடைக்கு அடுத்தபடியாகக் கீபோர்டைப் பார்த்தேன்.

ஜியோபுக்கைப் பலர் சொன்னார்கள். 2023 ஆகஸ்டில் 16,499 ரூபாய்க்கு வந்தது. 990 கிராம், 11.6 அங்குலம், உள்ளேயே 4ஜி. எடையில் இதற்கு நிகர் குறைவு. ஆனால் அதில் ஓடுவது ஆண்ட்ராய்டை அடிப்படையாகக் கொண்ட ஜியோ ஓஎஸ். கணக்கு எழுதும் டேலி மென்பொருள் ஓடாது. என்னைப் போன்ற கணக்குப்பிள்ளைக்கு அத்தோடு கதை முடிந்தது.

டேப்லெட் விஷயத்தில் கொஞ்ச நாள் மயங்கினேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சாம்சங் டேப் ஏ9 பிளஸ் 480 கிராம்தான். கீபோர்டு உறையும் சேர்ந்தால் கிட்டத்தட்ட ஒரு குட்டி லேப்டாப்பின் எடை வந்துவிடுகிறது, விலையும் கூடவே ஏறுகிறது. பின்னால் முட்டுக்கொடுத்து நிற்கும் டேப்லெட்டை மேசையில் வைக்கலாம், மடியில் நிற்காது. எனக்கு மேசை கிடைப்பது அபூர்வம். கொட்டகைத் திண்ணையும் பஸ் சீட்டும்தான். தமிழிலும் ஒரு சிக்கல்: திரையில் விரலால் தட்டக் கூகுளின் ஜிபோர்டு அருமை, வெளிக் கீபோர்டை மாட்டி தமிழ்99 என்ற விசை அமைப்பில் அடிக்கலாம் என்று போனால் அது தானாக அமையாது, வேறு ஆப் தேட வேண்டும். படிக்க, வீடியோ பார்க்க டேப்லெட். எழுத அல்ல.

விண்டோஸுக்குப் பதில் கூகுளின் குரோம் ஓஎஸ் ஓடும் லேப்டாப்பான குரோம்புக்குக்கு வருவோம். இதை இங்கே யாரும் சீண்டுவதில்லை. பாதிப் பேருக்கு இதுவே போதும் என்பது என் கணிப்பு. ஒரு கிலோவைச் சுற்றிய எடையிலேயே நிறைய மாடல்கள், அவற்றில் சில ஃபேன் இல்லாதவை. ஃபேன் இல்லையென்றால் பனிமூட்டத்தின் ஈரக் காற்றை உள்ளே இழுக்கும் வேலையும் இல்லை. 4 ஜிபி ரேமில் விண்டோஸ் முக்கும். குரோம் ஓஎஸ் ஓரளவு சமாளிக்கும். தமிழ்99, இன்ஸ்கிரிப்ட், தட்டச்சு முறை, ஒலிபெயர்ப்பு எல்லாம் செட்டிங்ஸிலேயே இருக்கின்றன. ஜிஎஸ்டி தளம், மின்கட்டணம், இ-சேவை எல்லாமே பிரவுசரில் நடப்பவைதானே.

மூன்று எச்சரிக்கைகள் மட்டும். டேலி இதிலும் கிடையாது. வீட்டில் பழைய யூஎஸ்பி பிரின்டர் இருந்தால் அது பேசாமல் போக வாய்ப்பு அதிகம். பெரியது மூன்றாவது: அப்டேட் காலாவதித் தேதி. 2021 முதல் வெளிவந்த குரோம்புக்குகளுக்குப் பத்து வருடம் அப்டேட் உண்டு என்று கூகுள் அறிவித்திருக்கிறது. அந்தப் பத்து வருடம் நாம் பில் போட்ட நாளிலிருந்து எண்ணப்படுவதில்லை. அந்த மாடலின் அடிப்படை வன்பொருள் சந்தைக்கு வந்த நாளிலிருந்து. ஆஃபரில் சல்லிசாகக் கிடைக்கிறதென்று நாலைந்து வருடப் பழைய மாடலை வாங்கினால் பாதி ஆயுள் அலமாரியிலேயே போயிருக்கும். மாடல் பெயரைப் போட்டு அந்தத் தேதியைத் தேடிப் பார்த்த பிறகே காசை எடுங்கள். இன்னொன்று, டவர் எட்டாத பள்ளத்தில் எழுத வேண்டுமென்றால் கூகுள் டாக்ஸின் ஆஃப்லைன் வசதியை நெட் இருக்கும்போதே இயக்கி வைத்துக்கொள்ள வேண்டும். தலைமை ஆசிரியருக்கு நான் சொன்னது குரோம்புக்தான். கடிதம், செய்தி, பேரனோடு வீடியோ கால். அவருக்கு வைரஸ் பயமும் உண்டு.

எனக்கும் அக்கா மகளுக்கும் டேலி வேண்டும். ஆக, செகண்ட் ஹேண்ட். பெரிய கம்பெனிகள் மூன்று நான்கு வருடம் ஓட்டிவிட்டுக் கழித்துவிடும் 12.5 அங்குல அலுவலக லேப்டாப்களைச் சொல்கிறேன். புதிதில் வாங்க நம்மால் முடிந்திருக்காது. காந்திபுரம் பக்கத்துக் கடைகளில் நான் விசாரித்தபோது 8 ஜிபி, 256 ஜிபி எஸ்எஸ்டியோடு 15,000 முதல் 20,000வரை சொன்னார்கள்.

இதில் ஒரு கோடு கிழித்துக்கொள்ளுங்கள்: இன்டெல் பிராசஸரில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே வேண்டாம். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பது எட்டாம் தலைமுறை முதல்தான். தவிர, இந்த வகைக் குட்டி லேப்டாப்களில் ஏழாம் தலைமுறை ஐ5 என்றால் இரண்டு கோர், எட்டாம் தலைமுறையில் நான்கு. கடைக்காரர் எட்டுக்குக் கீழான தலைமுறைத் திங்க்பேட் எக்ஸ்270ஐ நீட்டி "ரெண்டும் ஒண்ணுதான்" என்பார். ஒன்றல்ல. லினக்ஸ் போட்டுக்கொள்ளத் தெரிந்தவர்களுக்கு எக்ஸ்270 நல்ல பேரம், பின்னால் கழற்றி மாற்றும் பேட்டரி வேறு உண்டு. எனக்கு அந்தப் பொறுமை கிடையாது.

கடைசியில் நின்றவை இரண்டு: லெனோவோ திங்க்பேட் எக்ஸ்280, டெல் லாட்டிட்யூட் 7290. எக்ஸ்280 ஒன்றே கால் கிலோவுக்குள் அடங்கும். 7290 பெரிய பேட்டரியோடு அதைவிடச் சற்றுக் கூடுதல். கீபோர்டில் எக்ஸ்280க்கே என் ஓட்டு. தமிழ்99இல் இடக்கைக்கு உயிர், வலக்கைக்கு மெய் என்று இரண்டு கையும் மாறி மாறி ஓடும். குழிந்த அந்தக் கட்டைகளில் விரல் தானாக உட்கார்ந்துகொள்கிறது. ஆனால் அதில் ரேம் போர்டோடு ஒட்டியது. 8 வாங்கினால் சாகும்வரை 8. லாட்டிட்யூடில் ரேம் தனி, 16ஆக ஏற்றலாம்.

அப்புறம் சார்ஜ் வாய். எக்ஸ்280 டைப்-சி வழியாக மட்டுமே சார்ஜ் ஏறும். அந்தக் காலத்துத் திங்க்பேட்கள் பலவற்றில் தண்டர்போல்ட் ஃபர்ம்வேர் (அந்த வாயை இயக்கும் உள் மென்பொருள்) கோளாறால் டைப்-சி வாய் செயலிழந்ததுண்டு. லெனோவோ அதற்குத் திருத்தம் வெளியிட்டது. கடையிலேயே அந்த அப்டேட் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். லாட்டிட்யூடில் பழைய மாதிரி வட்ட சார்ஜ் வாயும் டைப்-சியும் இரண்டும் உண்டு. ஒன்று போனாலும் வண்டி ஓடும். ரிப்பேருக்குக் கோயம்புத்தூர் இறங்கி ஏற ஒரு நாள் கூலி போகும் எனக்கு அது பெரிய ஆறுதல்.

எதை எடுத்தாலும் திரையை விசாரியுங்கள். ஒரே மாடலில் 1366க்கு 768 என்ற மங்கல் திரையும் வரும், 1920க்கு 1080 திரையும் வரும். மங்கலில் ஆங்கிலம் படித்துவிடலாம். "ஞ"வும் "ணை"யும் சின்ன எழுத்தில் வந்தால் கொசு அடித்து ஒட்டியது போல இருக்கும். பயாஸ் பாஸ்வேர்டு (விண்டோஸ் வருவதற்கு முன்பே இருக்கும் பூட்டு) நீக்கப்பட்டிருக்கிறதா என்று ஆன் செய்து பார்க்கவும். பேட்டரிக்கு விண்டோஸிலேயே பேட்டரி ரிப்போர்ட் எடுக்கலாம்: புதிதில் இருந்த கொள்ளளவும் இன்றைய கொள்ளளவும் பக்கத்துப் பக்கத்தில் வரும். நான் பார்த்த ஒன்றில் பாதிகூட இல்லை. கடைக்காரர் "சும்மா இருந்ததால அப்படி காட்டுது" என்றார். அடுத்த கடைக்கு நடந்தேன்.

கரண்ட் இல்லாத நாளுக்குப் பவர்பேங்க். 20,000 எம்ஏஎச் என்பது 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 74 வாட்-மணி. வழியில் வீணாவது போகக் கைக்கு வருவது ஐம்பது சொச்சம். எக்ஸ்280இன் பேட்டரி 48. ஆக, ஒரு முறை நிரப்பலாம். ஆனால் போனுக்கென்று விற்கும் 18, 22.5 வாட் பவர்பேங்க் இதற்கு ஆகாது. லேப்டாப் கேட்பது 20 வோல்ட். டைப்-சி பிடி (பவர் டெலிவரி) 45 வாட் அல்லது அதற்கு மேல் என்று எழுதியிருக்க வேண்டும். அதே 45 வாட் சார்ஜர் ஒன்றே போனுக்கும் லேப்டாப்புக்கும் போதும் என்பதால் அந்தச் செங்கலை வீட்டிலேயே விட்டுவிட்டேன்.

நான் லாட்டிட்யூட் எடுத்தேன். அக்கா மகள் எக்ஸ்280தான் வேண்டும் என்று நின்றாள். ஹாஸ்டலில் கரண்ட் பிரச்சினை இல்லை, நகரத்தில் கடைக்குக் கடை ரிப்பேர் ஆளும் உண்டு, அவளுக்கு அது பொருத்தம்தான். பொங்கல் லீவு முடிந்து முதல் பஸ்ஸில் ஜன்னலோரம் பையை வைத்துக்கொண்டு இறங்கியவள், மேட்டுப்பாளையத்திலிருந்து போன் செய்தாள்.

"சித்தி, திறந்தா ஸ்க்ரீன் எல்லாம் வேர்த்திருக்கு."

மலைக் குளிரில் சில்லிட்ட லேப்டாப்பைக் கீழே ஈரப்பசையுள்ள சூட்டில் திறந்தால் பனி படியத்தான் செய்யும். ஆன் பண்ணாதே, துடைத்து மூடிப் பைக்குள் வை, ஒரு மணி நேரம் தொடாதே என்றேன். காந்திபுரத்தில் இறங்கியபின் மெசேஜ் வந்தது: "காஞ்சிடுச்சு."