சிடிசி20-ஐ நீக்காதீர்கள்: பூலியன் மாதிரிச் சுருக்கத்தோடு என் அனுபவம்

வண்ணாரப்பேட்டையில் கல்லூரி ஆசிரியராக இருக்கும் தோழி ஒருவர், உயிர்வேதி வலைப்பின்னலின் பூலியன் மாதிரியை (ஒவ்வொரு மூலக்கூறும் ‘உண்டு’ அல்லது ‘இல்லை’ என்று மட்டும் இருக்கும் கணினி மாதிரியை) ஓட்டினால் மடிக்கணினி திணறுவதாகவும், ரேமைக் கூட்டுவதா, மாதிரியைச் சுருக்குவதா என்றும் கேட்டிருந்தார். பல ஆண்டுகளாக ஜின்சிம் (GINsim) என்ற மென்பொருளில் இத்தகைய தருக்க மாதிரிகளைச் சுருக்கிப் பயன்படுத்தி வரும் நான், ரேமைக் கூட்டுங்கள் என்றே பதில் சொன்னேன். நானோ சுருக்குவதை விடப்போவதில்லை.

முதலில் சுருக்குவதன் பக்கமுள்ள நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கணுவை, அதாவது வலைப்பின்னலில் ஒரு மூலக்கூறைக் குறிக்கும் புள்ளியை, நீக்கும்போது, அது எப்போது இருக்கும் என்று சொல்லும் விதி, அது கட்டுப்படுத்தும் கணுக்களின் விதிகளுக்குள் பொருத்தப்படுகிறது, நிலைவெளி (மாதிரி எடுக்கக்கூடிய எல்லா நிலைகளின் தொகுப்பு) பாதியாகிறது. 30 கணுக்களைத் தொட்டாலே நிலைகள் நூறு கோடியைத் தாண்டும் என்பதால் இது சிறிய உதவியல்ல. நிலையான நிலைகள் (மாதிரி போய்ச் சேர்ந்தபின் மாறாமல் நிற்பவை) கூடாமல் குறையாமல் அப்படியே கிடைக்கின்றன. 2011இல் நல்தி, ரெமி, தியெஃப்ரி, ஷாவியா ஆகியோர் இதை முறைப்படி நிறுவியிருக்கிறார்கள்.

எதிர்பாராத மகிழ்ச்சியும் உண்டு. 2006இல் ஃபாரே குழுவினர் வெளியிட்ட, 10 கணுக்கள் கொண்ட பாலூட்டிச் செல் சுழற்சி மாதிரியில் சைக்ளின் ஈ என்ற புரதத்தை நீக்கிப் பாருங்கள். ஆர்பி என்ற மற்றொரு புரதம் அதை அடக்குகிறது, அது ஆர்பியை அடக்குகிறது. இடையில் நிற்பது போனதும் ஆர்பி தன்னைத் தானே தாங்கிப் பிடிப்பது படத்தில் வெளிப்படையாகத் தெரிகிறது. மூலப் படத்தின் அம்புக் குவியலில் இது எனக்குக் கண்ணில் பட்டதே இல்லை.

எரிச்சல் அதே மாதிரியில் உள்ள சிடிசி20 என்ற புரதத்தில் தொடங்குகிறது. அதன் விதி மிக எளியது: சைக்ளின் பி இருந்தால் அதுவும் இருக்கும். எனவே நீக்குவதற்கு அதைவிடத் தோதான கணு இல்லை என்று தோன்றும். நீக்கியதும் இரண்டு காரியங்கள் நடக்கின்றன. சிடிசி20 சைக்ளின் பி-யை அடக்குவதால், அது போனதும் சைக்ளின் பி தன்னைத் தானே அடக்கும் கணுவாகி விடுகிறது; அப்படிப்பட்ட கணுவை இந்த முறையில் இனி நீக்க முடியாது. அதைவிட மோசம், சிடிஎச்1 என்ற புரதத்தின் விதியைச் சுருக்கி எழுதினால், சைக்ளின் பி அதைத் தூண்டுவதாக மட்டுமே வருகிறது. மூல மாதிரியில் இருந்த நேரடி அடக்கல் தடயமின்றி மறைந்துவிடுகிறது. தருக்கப்படி பிழை எதுவும் இல்லை. ஆனால் பகையாளியை நண்பனாகக் காட்டும் இந்தப் படத்தை மாணவர்கள் முன் வைத்துவிட்டு, ஒவ்வொரு முறையும் வாய் வலிக்க விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது.

போனது, சைக்ளின் பி முதலில் சிடிஎச்1-ஐ அடக்கி, பிறகு சிடிசி20 வழியாக அதைத் தூண்டும்வரை இருந்த காலதாமதம்தான். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டை வரைபடத்திலிருந்து அழித்துவிட்டாலும் தண்டையார்பேட்டைக்குப் போகும் வழி சரியாகவே இருக்கும். அங்கே நின்று காத்திருந்தவருக்குத்தான் என்ன குறைகிறது என்று தெரியும். ஒத்திசைவற்ற முறையில், அதாவது ஒரு நேரத்தில் ஒரு கணு மட்டும் மாறும்படி ஓட்டினால், சுருக்கிய மாதிரியின் ஒவ்வொரு பாதைக்கும் மூலத்தில் ஒரு பாதை உண்டு, ஆனால் மூலத்தின் சில பாதைகள் சுருக்கத்தில் காணாமல் போகலாம். சைக்ளின் டி என்ற புரதம் இருக்கும்போது மூல மாதிரி சென்று சேரும் 112 நிலைகள் கொண்ட சுழல் ஈர்ப்பியை (நுழைந்தபின் வெளியேறாமல் சுற்றிக்கொண்டே இருக்கும் நிலைத் தொகுதியை) படிக்க விரும்புபவர், எதையாவது நீக்குமுன் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

நீக்கிய கணுக்களின் பட்டியலை மாதிரியோடு சேர்த்தே சேமித்து வைக்கலாம் என்பதால் மூலம் கெடுவதில்லை. நிலையான நிலைகளை மட்டும் தேடும்போது தயங்காமல் நீக்குகிறேன். பாடம் நடத்தும்போது சிடிசி20-இல் கை வைப்பதில்லை.