ஊட்டி திபெத்தியர் கடைகள்: ஸ்காட்லாந்து போகிற பிள்ளைக்கு எது வாங்கலாம், எது வேண்டாம்

ஊட்டியில் தாவரவியல் பூங்காவுக்குப் போகிற சாலையில் இருக்கும் திபெத்தியர் கடைகளைப் பற்றிப் பேசுபவர்கள் எல்லாம் சுற்றுலா வந்தவர்கள்தான். இரண்டு நாள் நடுக்கத்துக்கு ஒரு ஸ்வெட்டர், ஒரு குல்லா, முடிந்தது அவர்கள் கணக்கு. என் கணக்கு வேறு. குளிர் நாட்டில் நாலு வருடம் படிக்கப் போகிற பிள்ளைக்கு அங்கே துணி எடுக்கலாமா? குன்னூரில் தையல் கடை வைத்திருப்பவள் நான். துணியின் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்க்காமல் எதையும் வாங்குகிற பழக்கம் கிடையாது. அந்தக் கண்ணோடு பார்த்ததைச் சொல்கிறேன்.

பிள்ளை எனக்கு மருமகள் முறை. எங்கள் தாத்தா இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனார், அவருடைய தம்பி மலாயா ரப்பர் தோட்டத்துக்குப் போனார். எங்கள் குடும்பம் இந்திய, இலங்கைப் பிரதமர்கள் சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில் திரும்பி வந்து நீலகிரியில் நின்றுவிட்டது. அவர்கள் குடும்பம் மலேசியாவின் பேராக்கில் சுங்கை சிப்புட்டிலேயே தங்கிவிட்டது. அந்த வீட்டுத் தம்பிதான் மகளைக் கூட்டிக்கொண்டு ஆகஸ்டில் திருச்சிக்குப் பறந்து, அங்கிருந்து பஸ் மாறி மாறி மலையேறி வந்தான்.

அவள் எஸ்டிபிஎம், அதாவது அங்கே பல்கலைக்கழகத்துக்கு முந்திய தேர்வு, எழுதியவள். மதிப்பெண் நன்றாகவே இருந்தது. யூபியூ என்ற பொதுச் சேர்க்கை முறை வழியாக அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்ததில் இடம் வந்தது, கேட்ட படிப்பு வரவில்லை. வெளிநாட்டுப் பட்டத்தை மலேசியாவிலேயே முழுக்கப் படித்து முடிக்கிற 3+0 வகை ஒன்று அங்கே உண்டு. பிரிட்டனின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகம் செமினியிலேயே இருக்கிறது, ஆஸ்திரேலியாவின் மோனாஷ் சன்வேயிலேயே இருக்கிறது, எதற்குக் கடல் தாண்ட வேண்டும் என்று தம்பி வாதாடிப் பார்த்திருக்கிறான். அவள் கிளாஸ்கோதான் என்றாள். இயந்திரப் பொறியியல், ஸ்காட்லாந்து முறைப்படி நாலு வருடம். பிடிபிடிஎன் என்ற அரசுக் கல்விக் கடன் உள்ளூர்ப் படிப்புக்கு மட்டும்தான் என்பதால், தம்பி தன் ஈபிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) கணக்கில் பிள்ளைகள் படிப்புக்கு எடுக்க விடுகிற பகுதியை எடுத்துவிட்டான். விசாவுக்குப் போட்டபோது அந்த ஊர் மருத்துவக் கட்டணம் என்று வருடத்துக்கு 776 பவுண்டு வீதம் மொத்தப் படிப்புக் காலத்துக்கும் முன்கூட்டியே கட்டியாயிற்று. ஒரு பவுண்டு ஐந்தரை ரிங்கிட் போல நிற்கிறது. இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம், ஸ்வெட்டர் விலையை அவன் ஏன் அத்தனை தரம் மொபைலில் பெருக்கிப் பார்த்தான் என்பது உங்களுக்குப் புரிய வேண்டும்.

சரி, கடைகளுக்கு வருவோம். வரிசையாகச் சின்னச் சின்னக் கடைகள், கூரையிலிருந்து தரை வரை தொங்கும் துணி. விற்பவர்கள் பெரும்பாலும் பெண்கள், நம்மைவிட நன்றாகத் தமிழில் பேரம் பேசுகிறார்கள். சரக்கில் பெரும்பகுதி லூதியானாவிலிருந்து வருவது. "திபெத்தில் கையால் பின்னியது" என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். நான் கேட்ட அம்மா ஒளிக்கவும் இல்லை. "லூதியானா சரக்குதான் அக்கா, நல்ல சரக்கு" என்றார். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது.

ஆகஸ்ட் மாத ஊட்டி என்றால் சாரல், காற்று, பகலிலேயே விளக்கு. மே மாதத்தில் வருபவர்களுக்கு இந்த ஊட்டி தெரியாது. கிளாஸ்கோ போகிறவளுக்கு இதைவிட நல்ல ஒத்திகை கிடையாது என்று நினைத்தேன். தம்பி கைகளைக் கட்டிக்கொண்டு, "கேமரன் மலை மாதிரிதான் லா இருக்கு அக்கா" என்றான். கேமரன் மலையில் தானா ராத்தா 1,500 மீட்டர்கூட இல்லை, ஊட்டி 2,240 மீட்டர். கொஞ்ச நேரத்தில் அவனே ஒரு மஃப்ளரை எடுத்துச் சுற்றிக்கொண்டான்.

நம் ஊர்க் குளிருக்கும் அவர்கள் ஊர்க் குளிருக்கும் உள்ள பெரிய வித்தியாசம் டிகிரியில் இல்லை. ஜனவரி ராத்திரியில் ஊட்டியில் உறைபனியே விழுகிறது, கிளாஸ்கோவில் அந்த மாதச் சராசரி 2 டிகிரிக்கும் 7 டிகிரிக்கும் நடுவில்தான். ஆனால் நமக்கு வீட்டுக்குள்தான் குளிர். வெளியே வெயில் அடிக்கும்போது திண்ணையில் உட்கார்ந்து காய்வோம், உள்ளே போனதும் ஸ்வெட்டர் போடுவோம். அங்கே தலைகீழ். வகுப்பு, நூலகம், பஸ் எல்லாம் சூடேற்றி வைத்திருப்பார்கள், வெளியே ஈரக் காற்று. ஒரு நாளைக்குப் பத்து முறை உள்ளே வெளியே என்று போகிற பிள்ளை, தலை வழியாக மாட்டுகிற தடித்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு சூடான வகுப்பில் வியர்த்து, அந்த வியர்வையோடு காற்றில் இறங்கினால் நடுக்கம்தான். அதனால் இங்கே வாங்கும்போது போடுவதைவிடக் கழற்றுவதை யோசித்து வாங்க வேண்டும்.

இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் எதை எடுக்கலாம் என்பது தானாக விளங்கும். முன்பக்கம் ஜிப்போ பட்டனோ உள்ள மெல்லிய கார்டிகன், மெத்தென்ற ஃபிளீஸ் துணி மேலாடை, இதெல்லாம் இங்கே அருமை. ஆடம்பரமான மயில் கழுத்து நிறப் புல்லோவர் ஒன்றின் மேல் மருமகளுக்கு ஆசை. கழுத்து உயரம், தடிமன், கழற்றினால் தலைமுடி கலையும். "அத்தை, அழகா இருக்கே" என்றாள். அழகாகத்தான் இருந்தது. எடுக்க விடவில்லை.

தெர்மல் உள்ளாடை இங்கே கட்டாயம் எடுக்கலாம். நல்ல சரக்கு, பல அளவு, நியாயமான விலை. பார்க்க வேண்டியது மணிக்கட்டும் கணுக்காலும். அங்கே பிடிப்பு தளர்ந்திருந்தால் காற்று உள்ளே ஏறும், தெர்மல் போட்டதே வீண். உடம்போடு ஒட்ட வேண்டும், இறுக்கக் கூடாது. நம் ஆட்கள் "துவைத்தால் சுருங்கும்" என்று ஒரு அளவு பெரிதாக எடுப்பார்கள், தெர்மலில் அது செல்லாது. இரண்டு செட் போதும் என்றான் தம்பி. அந்த ஊரில் குளிர்காலத்தில் துணி காய்வதே பெரும்பாடு என்று சொல்லி இன்னும் ஒன்று சேர்த்தேன்.

கம்பளியா, செயற்கை நூலா என்பதை ஒரு நிமிடத்தில் கண்டுபிடிக்கலாம். உள்தையல் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலில் ஒரு துண்டை, கடைக்காரரிடம் கேட்டுவிட்டு, எடுத்துக் கொளுத்திப் பாருங்கள். நிஜக் கம்பளி முடி கருகுகிற நாற்றம் அடிக்கும், சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியாகும். அக்ரிலிக் உருகி, ஆறியதும் கெட்டி மணியாக உருளும். தம்பியின் லைட்டரில் பார்த்த நூல் எல்லாமே மணியாகத்தான் உருண்டன. கலப்பில் கம்பளி இருப்பதாகச் சொன்ன ஒரு சால்வை மட்டும் பாதி பொடி, பாதி மணி. கடை அம்மா சிரித்துக்கொண்டே, "நான் பொய் சொல்லலை பாருங்க" என்றார்.

அக்ரிலிக் என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். மாணவர் விடுதியில் வாஷிங் மெஷினும் சூட்டில் உலர்த்தும் மெஷினும்தான் இருக்கும். நல்ல கம்பளியை அதில் போட்டால் குழந்தைச் சட்டையாகத் திரும்பி வரும். பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளை ஸ்வெட்டரைக் கையால் அலசி நிழலில் விரித்துக் காயவைக்கும் என்று நம்புகிறவர்கள் நம்பட்டும். அக்ரிலிக்கில் சிக்கல் வேறு: கொஞ்ச நாளில் அக்குளிலும் முழங்கையிலும் உருண்டை உருண்டையாக நூல் திரண்டு நிற்கும். பின்னல் நெருக்கமாக இருப்பதை எடுத்தால் அது குறையும். இரண்டு விரலால் இழுத்துப் பாருங்கள், வெளிச்சம் தெரிந்தால் வைத்துவிடுங்கள்.

இனி வேண்டாம் என்று சொல்ல வேண்டியது. மழைக்கும் காற்றுக்கும் மேலே போடும் பெரிய ஜாக்கெட்டை இங்கே எடுக்காதீர்கள். பார்வைக்குப் பிரமாதமாக இருக்கும், உப்பிய பஞ்சு, தொப்பி, நாலு பை. உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். தையல் மேல் டேப் ஒட்டவில்லை. மேல் துணி தண்ணீர் விடாத துணியாகவே இருந்தாலும், ஊசி குத்திய இடமெல்லாம் துளைதான், டேப் இல்லாவிட்டால் அரை மணி நேர மழையில் தோள் சல்லடையாகிவிடும். ஊட்டிக்கு வந்து இரண்டு நாள் தங்குகிறவருக்கு அது பிரச்சினையே இல்லை, அவர்களுக்காகத் தைத்ததுதான் அது. வாரக்கணக்கில் மழையில் நடந்து வகுப்புக்குப் போகிறவளுக்கு அது உதவாது. கடை அம்மாவிடம் டேப் விஷயத்தைச் சொன்னபோது, "அந்த மாதிரி சரக்கு வேற விலை அக்கா, இங்க யார் வாங்குவாங்க?" என்றார். நியாயமான பதில்.

அந்த ஜாக்கெட்டை அங்கே போனபின் வாங்கட்டும். பிரிட்டனில் தர்ம நிறுவனங்கள் நடத்தும் பழைய துணிக் கடைகள் ஊருக்கு ஊர் உண்டு. நல்ல நிலையில் உள்ள மழைக் கோட்டுகள் அங்கே கொஞ்ச விலைக்குக் கிடைக்கும். பிறர் போட்ட துணி என்று தம்பி கொஞ்சம் தயங்கினான். மருமகள் தயங்கவில்லை. செப்டம்பர் கடைசியில் அங்கே இறங்குகிறவளுக்கு உறையும் குளிர் வர இன்னும் நேரம் இருக்கிறது, அதுவரை ஃபிளீஸும் சாதாரண மழைக் கோட்டும் தாங்கும்.

இந்த வரிசையை விட்டு, பெரிய ரோட்டில் கண்ணாடி போட்ட கடை ஒன்றிலும் நுழைந்தோம். பெயர் வேண்டாம். அங்கே எடுத்த ஜிப் கார்டிகன் வீட்டுக்கு வந்து இரண்டாவது முறை இழுத்ததும் பாதியில் நின்றது. மாற்றித் தர மாட்டேன் என்றார்கள். நானே வேறு ஜிப் வைத்துத் தைத்தேன், நல்லவேளை அத்தை தையல்காரி. திபெத்தியர் வரிசையில் எடுத்ததில் ஒரு கையுறை ஜோடி இரண்டும் இடதுகையாக இருந்தது. மறுநாள் கொண்டுபோனதும் பேசாமல் மாற்றிக் கொடுத்தார்கள்.

கையுறை, காலுறை, காதை மூடும் குல்லா, மஃப்ளர் எல்லாம் இங்கே தாராளமாக எடுங்கள். அடிக்கடி தொலைகிற சாமான், விலையும் குறைவு. குடை மட்டும் வேண்டாம், அந்த ஊர்க் காற்றில் குடை நிற்காது என்று மருமகளுக்கு ஏற்கெனவே அங்கே படிக்கும் சீனியர் சொல்லியிருக்கிறாள்.

தோடர் எம்பிராய்டரிச் சால்வை ஒன்றையும் தம்பி பார்த்தான். 2013-ல் புவிசார் குறியீடு வாங்கிய வேலைப்பாடு, கறுப்பும் சிவப்பும் நூல், பின்னியிருக்கும் நேர்த்தியைப் பார்த்தால் ஒரு தையல்காரிக்குப் பொறாமை வரும். குளிருக்கு அது கம்பளி அல்ல. சுவரில் மாட்டவோ, பேராசிரியருக்குப் பரிசு கொடுக்கவோ என்றால் வாங்கலாம். விலை கேட்டுவிட்டு அவன் வைத்துவிட்டான், எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

விலை எப்படி என்று கேட்பீர்கள். முதலில் சொல்கிற விலையில் கால்வாசி இறங்குகிறார்கள், அதற்கு மேல் இழுத்தால் முகம் மாறுகிறது. கார்டிகன் ஐந்நூறு, அறுநூறில் தொடங்கி நல்லது ஆயிரம் வரை, ஃபிளீஸ் அதே அளவு. ஒரு ரிங்கிட்டுக்குச் சுமார் 20 ரூபாய் என்று வைத்தால் ஒரு நல்ல கார்டிகன் 50 ரிங்கிட். கோலாலம்பூர் மாலில் குளிர்காலத் துணிக்கென்றே இருக்கும் கடைகளில் இதே மாதிரி இரண்டு, மூன்று மடங்கு என்கிறான் தம்பி. அவன் கணக்குப் போட்ட வேகத்தைப் பார்த்தால் நம்பலாம். ஆனால் துணிக்காக மட்டும் விமான டிக்கெட் எடுத்து வருவதில் லாபம் ஒன்றும் இல்லை. உறவைப் பார்க்க வருகிறவர்களுக்குத்தான் இந்த யோசனை.

அப்புறம் ஒரு வேடிக்கை. அவள் கொண்டுவந்த சார்ஜர் எங்கள் வீட்டு பிளக்கில் நுழையவில்லை, கடைக்குப் போய் அடாப்டர் வாங்கினோம். மலேசியாவிலும் பிரிட்டனிலும் ஒரே மாதிரிச் சதுர மூன்று முள் பிளக்தான், அத்தை வீட்டில்தான் அவளுக்கு வெளிநாடு. காலையில் எழுந்ததும் "பசியாறிட்டீங்களா அத்தே?" என்று கேட்கிறவள், ஊட்டி வர்க்கியைப் பெட்டியில் எவ்வளவு வைக்கலாம் என்று எடை போட்டுக்கொண்டிருந்தாள். அவள் அம்மா கொடுத்தனுப்ப இருந்த நெய்யை நான்தான் தடுத்தேன். பாலில் செய்ததையும் இறைச்சியையும் பிரிட்டனுக்குள் கொண்டுபோக விடமாட்டார்கள், விமான நிலையத்தில் பிடுங்கிக் குப்பையில் போடுவார்கள்.

போகிறவர்களுக்கு நடைமுறைச் செய்தி. சொந்த வண்டியில் வந்தால் நீலகிரிக்கு இ-பாஸ் எடுக்க வேண்டும், 2024 மே முதல் கட்டாயம். பஸ்ஸில் வந்தால் அந்தத் தொல்லை இல்லை. பிளாஸ்டிக் பை இங்கே தடை, ஆகையால் நாலு துணிப்பை மடித்து எடுத்து வாருங்கள், குல்லாவும் மஃப்ளரும் எடை இல்லாவிட்டாலும் இடத்தை அடைத்துவிடும். வார நாளில் காலையில் போங்கள். சீசனிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் நெரிசலில் துணியைத் திருப்பிப் பார்க்க விடமாட்டார்கள். தெர்மலைப் போட்டுப் பார்க்கத் தனி இடம் கிடையாது, அதனால் பிள்ளையின் மார்பளவையும் கால் நீளத்தையும் வீட்டிலேயே டேப்பால் எடுத்து எழுதிக்கொண்டு போவது நல்லது.