நாளத்தினுள் செல்லும் கம்பியா, தோலின் கீழ்ச் செல்லும் கம்பியா? ஐ.சி.டி. லீட்கள் பற்றிய ஓர் ஒப்பீடு

ஐ.சி.டி. என்பது உயிராபத்தான இருதயத் துடிப்பைக் கண்டறிந்து, மின் ஷொக் கொடுத்துச் சீராக்க உடலினுள் வைக்கப்படும் கருவி. அதைப் பொருத்தச் சொல்லப்பட்டவர்கள் முதலில் கேட்பது பற்றரி எத்தனை வருடம் நிற்கும் என்பதைத்தான். பற்றரி தேய்வது முன்கூட்டியே தெரிந்துவிடும். மாற்றுவதும் பெரிய காரியமல்ல. ஓய்வில்லாத இருதயத்தோடு சேர்ந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு இலட்சம் தடவை அசையும், துடிப்பை உணர்ந்து ஷொக்கைக் கொண்டுசெல்லும் லீட் கம்பியே இக்கருவியின் நலிவான பகுதி.

வழமையான முறையில் இக்கம்பி காறை எலும்பின் அருகேயுள்ள நாளத்தின் வழியாக வலது இதயவறைக்குள் செலுத்தப்படுகிறது. காறை எலும்புக்கும் முதலாவது விலாவெலும்புக்கும் இடையே நெரிபட்டால், உள்ளேயிருக்கும் கடத்தி காலப்போக்கில் முறியலாம். மெட்ரோனிக் நிறுவனத்தின் ஸ்பிரிண்ட் ஃபிடெலிஸ் வகை, உலகெங்கும் ஏறத்தாழ 2,68,000 பேருக்குப் பொருத்தப்பட்ட பின்னர், கடத்தி முறிவு காரணமாக 2007 ஒக்டோபரில் விற்பனையிலிருந்து நிறுத்தப்பட்டது. செயின்ட் ஜூட் நிறுவனத்தின் ரியாட்டா வகையிலோ குறை வேறு: கம்பியிழைகள் சிலிக்கன் உறையை உள்ளிருந்தே அரைத்து வெளியே வந்தன.

முறிந்த முனைகள் உரசும்போது எழும் மின்னிரைச்சலை இதயவறைத் துடிநடுக்கம் (உயிரைப் பறிக்கக்கூடிய ஒழுங்கற்ற துடிப்பு) என்று கருவி தவறாக எடுத்துக்கொண்டு, முழு நினைவோடு இருப்பவருக்கே ஷொக் கொடுத்துவிடும். கிளினிக்கில் வைத்தியர் கையை உயர்த்தச் சொல்லியும் இரு உள்ளங்கைகளையும் ஒன்றோடொன்று அழுத்தச் சொல்லியும் திரையைக் கவனிப்பது இதற்காகவே. சீரான துடிப்புகளுக்கிடையே அந்நேரத்தில் மட்டும் ஒழுங்கற்ற கீறல்கள் தோன்றினால் லீட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

தோலின் கீழ் வைக்கப்படும் எஸ்-ஐ.சி.டி.யின் கம்பி, நெஞ்சென்பின் ஓரமாகச் செல்கிறது. இருதயத்தையோ நாளத்தையோ தொடுவதில்லை. 849 நோயாளிகளைக் கொண்டு நடத்தப்பட்டு 2020 இல் வெளியான பிரிட்டோரியன் ஆய்வில், லீட் சார்ந்த சிக்கல்கள் இம்முறையில் 1.4 சதவீதமாகவும் நாளவழி முறையில் 6.6 சதவீதமாகவும் இருந்தன. தேவையற்ற ஷொக்கில் நிலைமை மறுபக்கம் சாய்ந்தது: 9.7 எதிர் 7.3 சதவீதம். இக்கம்பியும் முறியாத கம்பியல்ல. இதன் ஒரு மாதிரியில் முறிவு ஏற்படலாம் என்று 2020 இறுதியில் எச்சரிக்கை விடுக்கப்பட்டது. அதைவிட முக்கியமான குறை, மெதுவான துடிப்புக்குத் தொடர்ந்து பேஸிங் (இருதயத்தைத் துடிக்கத் தூண்டும் சிறு மின்துடிப்புகள்) கொடுக்கவோ, வேகத்துடிப்பை ஷொக் இன்றிப் பேஸிங்கால் அடக்கவோ அதனால் இயலாது என்பதாகும்.

ஆகவே மாரடைப்புத் தழும்பிலிருந்து வேகத்துடிப்பு அடிக்கடி எழும் முதியவருக்கு நாளவழிக் கம்பியே பொருத்தமானது. பேஸிங் தேவைப்படாத, இன்னும் பல தசாப்தங்கள் வாழவேண்டிய இளைஞருக்கு நான் மற்றையதையே முன்வைப்பேன்; ஏனெனில் பழுதான கம்பியை வெளியே எடுப்பதில்தான் இரண்டுக்கும் பெரும் வேறுபாடு இருக்கிறது. நாளச் சுவரோடும் இருதயத் தசையோடும் ஒட்டி வளர்ந்துவிட்ட பழைய லீட்டை அகற்ற லேசர் உறை போன்ற சிறப்புக் கருவிகளும், நாளம் கிழிந்தால் உடனே நெஞ்சைத் திறக்கக்கூடிய சத்திரசிகிச்சைக் குழுவும் தயாராக நிற்க வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தாண்டிக் கொழும்பில் கருவி பொருத்திக்கொண்டவருக்கு, இந்தச் சிகிச்சை எங்கே கிடைக்கும் என்பதையும் தெரிவுக்கு முன்னரே கேட்டு வைப்பது நல்லது. செலவைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். இதை ஏனோ கேட்பதில்லை.

எந்த வகையானாலும், கருவியின் பெயரோடு லீட்டின் மாதிரி இலக்கமும் பதிந்த அட்டை கையில் இருக்க வேண்டும். நினைவோடு இருக்கையில் ஷொக் அடுத்தடுத்து வந்தால் அருகிலுள்ள வைத்தியசாலைக்கு உடனே செல்ல வேண்டும். அங்கே இருதயத் துடிப்பை மொனிட்டரில் பார்த்தபடி கருவியின் மேல் காந்தம் வைத்து, தவறான ஷொக்கைத் தற்காலிகமாக நிறுத்தலாம்.