ஜெம்பை, லூப்ஸ்ட்ரக்சுரல்: ஃபால்ட்டில் தெரியும் வித்தியாசம்

நிலத்தடிப் பாறை அடுக்குகளை முப்பரிமாண மாடலாக்க, திறந்த மூலத்தில் நம்பி இறங்கக்கூடிய பைத்தான் கருவிகள் ஜெம்பையும் லூப்ஸ்ட்ரக்சுரலும். எதிலும் அடுக்கைக் கையால் வரைய வேண்டியதில்லை. புள்ளிகளையும் சாய்வு அளவுகளையும் கொடுத்தால் இடைப்பட்டதைக் கணக்கே நிரப்பிவிடும்.

முதல் மாடலுக்கு ஜெம்பைதான் நல்லது. ஒவ்வொரு பரப்புக்கும் குறைந்தது இரண்டு புள்ளி, ஒன்றன்மேல் ஒன்றாகத் தொடர்ந்து படிந்த அடுக்குகளின் ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு சாய்வு அளவு இருந்தால் மாடல் ஓடிவிடும். ஆனால் ஓடுகிற மாடலெல்லாம் சரியான மாடல் அல்ல. ஜெம்பை வரைவது அடுக்கின் அடிப்பரப்பை. ஆழ்துளைப் பதிவில் உள்ள மேல்மட்டத்தை அப்படியே ஏற்றினால், எல்லா அடுக்கும் ஒரு படி மேலே ஏறிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. அசிமுத் என்ற இடத்தில் சாய்வுத் திசையைத்தான் தர வேண்டும், ஸ்ட்ரைக்கை (அடுக்கு கிடைமட்டத்தை வெட்டும் கோட்டின் திசையை) அல்ல. கிழக்கே சாயும் அடுக்குக்கு 90 என்று போடாமல் ஸ்ட்ரைக்கான 0-ஐப் போட்டால், அடுக்கு வடக்கே சாய்ந்து நிற்கும். ஆயங்கள் யுடிஎம் என்ற வரைபட ஆய முறை போல மீட்டரில் இருக்கட்டும். அட்ச, தீர்க்க ரேகை டிகிரியோடு ஆழத்தை மீட்டரில் கலந்தால் மாடல் உருக்குலைந்துவிடும்.

ஜெம்பையின் பின்னணியில் நடப்பது கோ-கிரிகிங், அதாவது புள்ளிகளையும் சாய்வுகளையும் சேர்த்து இடைப்பட்ட மதிப்பைக் கணிக்கும் முறை. ஒரு சாய்வு அளவு மூன்று சமன்பாடுகளைச் சேர்க்கும். தரவு இரட்டித்தால் மேட்ரிக்ஸுக்கான நினைவகம் நான்கு மடங்கு, தீர்க்கும் நேரம் ஏறத்தாழ எட்டு மடங்கு. நெருக்கமான புள்ளிகளைக் குறைத்துவிட்டு ஏற்றுவதே புத்திசாலித்தனம். மூன்றாம் பதிப்பு தியானோ என்ற பழைய கணக்கு நூலகத்தை விட்டு நம்பை, பைடார்ச் நூலகங்களுக்கு வந்துவிட்டதால் நிறுவும் தலைவலி பெரிதும் குறைந்திருக்கிறது. பழைய பயிற்சிகளின் நிரல் மட்டும் இதில் அப்படியே ஓடாது.

ஃபால்ட் (பாறை உடைந்து இரு பக்கமும் நகர்ந்த பிளவு) வந்ததும்தான் இரண்டும் பிரிகின்றன. ஜெம்பையில் பாறை எவ்வளவு நகர்ந்தது என்று எண்ணாகச் சொல்வதில்லை. இரு பக்கமும் உள்ள அடுக்குப் புள்ளிகளிலிருந்து அது கிடைக்க வேண்டும். ஒரு பக்கம் புள்ளியே இல்லையென்றால் அந்தப் பெயர்ச்சி வெறும் ஊகம். லூப்ஸ்ட்ரக்சுரலில் பெயர்ச்சி அளவையும் ஃபால்ட்டின் நீள அகலத்தையும் நாமே தரலாம். அதனால் பாதி வழியில் நின்றுவிடும் ஃபால்ட்டையும் காட்ட முடிகிறது. மடிப்பு அச்சையும் அச்சுத் தளத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்வது இதன் இன்னொரு பலம். சிக்கலான மடிப்புப் பகுதிக்கு நான் இதையே பரிந்துரைப்பேன்.

இதற்கும் விலை உண்டு. ஜெம்பையின் பரப்பு புள்ளிகளை ஏறக்குறைய தொட்டே செல்லும். லூப்ஸ்ட்ரக்சுரலின் வழக்கமான முறைகள், மாடலைச் சிறு கட்டங்களாகப் பிரிக்கும் வலைக்கண்ணி மீது மென்மைக்கும் தரவுக்கும் இடையே சமரசம் செய்கின்றன. பரப்பு புள்ளியை விட்டு விலகலாம். மாடல் முடிந்ததும் ஒவ்வொரு புள்ளியிலும் கணித்த மதிப்பையும் கொடுத்த மதிப்பையும் கழித்துப் பாருங்கள். விலகல் பெரிதாக இருந்தால் முதலில் வலைக்கண்ணியின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். மென்மைக்குத் தரும் எடையைக் குறைப்பது அதற்குப் பிறகுதான். கண்ணியை விட மெல்லிய அடுக்கு எந்த எடை கொடுத்தாலும் சரியாக வராது.