பாலக்காட்டு வெயிலில் ஒரு புலி எத்தனை மணி நேரம் தாங்கும்?

பாலக்காடு ஜில்லாவின் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பிறந்தநாள், பள்ளி ஆண்டு விழா, ஓணம், கிறிஸ்துமஸ் என்று குழந்தைகள் கூடுகிற இடங்களில் முகத்தில் வண்ணம் வரைந்து கொடுக்க ஆரம்பித்து ஏழு வருடம் ஆகிறது. தொழில் என்றால் எனக்குத் தையல்தான். இது சனி, ஞாயிறு வேலை. ஒரு விழாவுக்குப் போனால் இருபது முகம், கூட்டமாக இருந்தால் நாற்பது. இத்தனை வருடத்தில் அம்மாக்கள் என்னிடம் அதிகம் கேட்டது ஒரே கேள்விதான்: "ஏனுங்க்கா, இது எத்தன நேரம் நிக்குமுங்க?" எங்கள் பக்கத்துச் சித்தூரைத் தாண்டிப் போனால் அதே கேள்வி மலையாளத்தில் வரும். நானும் முதல் இரண்டு வருடம் அந்தக் கேள்விக்குப் பதிலாகவே காசைக் கொட்டி டப்பா டப்பாவாக வாங்கினேன். அதில் பாதி இப்போது பரணில் இருக்கிறது.

முதல் தவறு சொந்த வீட்டு விழாவிலேயே நடந்தது. அண்ணன் மகனுடைய பிறந்தநாளுக்குக் கைவினைப் பொருள் கடையில் வாங்கிய அக்ரிலிக் வண்ணத்தை எடுத்துப் போய்விட்டேன். பாட்டிலில் 'நான்-டாக்ஸிக்' என்று போட்டிருந்தது. அது போதும் என்று நினைத்தேன். அந்த வார்த்தைக்கு அர்த்தம், கொஞ்சம் வாயில் பட்டாலும் விஷமாகாது என்பதுதான். தோலில் பூசலாம் என்று அது சொல்லவே இல்லை. அக்ரிலிக் காய்ந்தால் ஒரு பிளாஸ்டிக் தோல். அன்று வரைந்த சிலந்தி மனிதன் அருமையாக நின்றான், ராத்திரி வரைக்கும் நின்றான். உரிக்கும்போது பையனுடைய புருவ முடி நாலைந்தும் கூடவே வந்தது. கன்னம் இரண்டு நாள் சிவந்திருந்தது. அண்ணி இப்போதும் என்னிடம் பேசுகிறார் என்றால் அது அவருடைய பெருந்தன்மை. வாட்டர் கலர், போஸ்டர் கலர், மார்க்கர் பேனா எல்லாவற்றுக்கும் இதே கதைதான். தோலுக்கென்று செய்யாததைத் தோலில் வைக்காதீர்கள்.

அப்புறம் முறையாகவே வாங்க ஆரம்பித்தேன். ஒரு ஏப்ரல் மாதம், பாலக்காட்டில் வெயில் 40 டிகிரியைத் தொட்டுக்கொண்டிருந்த நேரம், என் முன்கையிலேயே நாலு வகை வண்ணத்தைப் பட்டை பட்டையாகப் பூசிக்கொண்டு பஸ் ஏறி சித்தூர் போய், சாமான் வாங்கி, திரும்பி வந்து, பாத்திரமும் கழுவினேன். கண்டக்டர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஆனால் கடைக்காரர்கள் சொன்னதைவிட அந்த ஒரு நாளில் அதிகம் கற்றுக்கொண்டேன்.

ஆல்கஹால் வகை கடைசி வரை அசையவில்லை. இரண்டு நாள் இருந்தது. அதை எடுக்கத் தனித் திரவம் வேண்டும், அதுவும் எரியும். குழந்தை முகத்தில், கண்ணுக்குப் பக்கத்தில், அதற்கு வேலையே இல்லை. பெரியவர்கள் கையில் வரையும்போது மட்டும் வெளியே எடுக்கிறேன். எண்ணெய் வகையும் வேர்வைக்கு அசையவில்லை, ஆனால் என் சேலைத் தலைப்பு, பஸ் கம்பி, கடைப் பை எல்லாவற்றிலும் என் கை நிறம் ஒட்டியிருந்தது.

எண்ணெய் வகையைப் பற்றி எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். இதே பாலக்காடு ஜில்லாவில்தான் கதகளிக்குப் பேர்போன வெள்ளிநேழி இருக்கிறது. வண்ணத்தைத் தேங்காயெண்ணெயில் அரைத்துப் பூசிக்கொண்டு விடிய விடிய ஆடுகிறார்கள், வழிவதில்லை. வேர்வை தண்ணீர், எண்ணெயை அதனால் கரைக்க முடியாது. அவ்வளவுதான் ரகசியம். ஆனால் அந்த நடிகர் பாயில் படுத்து மணிக்கணக்கில் பூச்சுக்காரரிடம் முகத்தைக் கொடுக்கிறார், பிறகு அந்த முகத்தைக் கையால் தொடுவதில்லை. ஐந்து வயசுப் பிள்ளை அப்படியா? இன்னொன்று, அந்தக் காலத்து மஞ்சள் ஆர்சனிக் கலந்த கல், சிவப்பு பாதரசம் கலந்த சாதிலிங்கம். நாம் மேடைப் பூச்சையே 'அரிதாரம்' என்கிறோமே, அரிதாரம் என்பதே அந்த ஆர்சனிக் மஞ்சளின் பெயர்தான். மொழியில் மட்டும் இருக்கட்டும். இப்போது நாடகக்காரர்கள் கிரையோலானின் சுப்ராகலர் போன்ற எண்ணெய் வண்ணங்களை வைத்திருக்கிறார்கள், பவுடர் போட்டு அமுக்கினால் நன்றாக நிற்கும். மேடைக்குச் சரி. கேக் வெட்டுகிற வீட்டுக்குச் சரிவராது, சோபா உறை எல்லாம் புலி ஆகிவிடும்.

மிச்சம் இருப்பது தண்ணீர் தொட்டுப் பூசும் வில்லை வகை. குழந்தைகளுக்கு இதுதான். ஆனால் இதற்குள்ளேயே இரண்டு குணம் இருப்பதை நான் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். ஒன்றில் கிளிசரின் தூக்கல். தொட்டால் வெண்ணெய் மாதிரி வரும், பூசுவதற்குச் சுகம், தோலில் இழுக்காது. மற்றதில் மெழுகு தூக்கல். வில்லை கெட்டியாக இருக்கும், தூரிகையைக் கொஞ்சம் சுழற்றித்தான் நிறம் எடுக்க வேண்டும். கிளிசரினுக்குக் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும் குணம் உண்டு. ஜூன், ஜூலையில் மேற்கிலிருந்து ஈரக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற நாட்களில் அது முழுசாகக் காயவே காயாது. காய்ந்த மாதிரி இருக்கும், குழந்தை கன்னத்தைச் சொறிந்தால் விரலோடு வந்துவிடும். அதே டப்பா டிசம்பர், ஜனவரியில் கிழக்கிலிருந்து வறண்ட காற்று அடிக்கும்போது தங்கமாக நடந்துகொள்ளும். மெழுகு வகைக்கு அந்தக் காற்றில் வேறு பிரச்சினை, தடிப்பாகப் போட்டால் சிரிக்கிற இடத்தில் வெடிக்கும். ஆகவே இப்போது அடித்தளத்துக்கு ஸ்நாஸரூ கம்பெனி வண்ணம், கோடு போடுவதற்கு வுல்ஃப் அல்லது டயமண்ட் எஃப்எக்ஸ் கம்பெனியின் கறுப்பும் வெள்ளையும். ஸ்நாஸரூ 18 மில்லி டப்பாவாக வரும், சோப்பும் தண்ணீரும் போட்டால் போய்விடும். எனக்கு அதுதான் பிடித்தது. போக வேண்டிய நேரத்தில் போகிற வண்ணம் வேண்டும், வீட்டுக்குப் போய் அழவைக்கிற வண்ணம் வேண்டாம்.

சரி, வண்ணம் என்ன செய்யும், தோல் தயாராக இல்லாவிட்டால்? எங்கள் பக்கம் விழா என்றால் பிள்ளைக்குத் தலையில் தேங்காயெண்ணெய் வழிய வழியத் தேய்த்து, அதில் மிச்சத்தை முகத்திலும் தடவி, மேலே பவுடர் அப்பி, கண்மை இழுத்து, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டும் வைத்துத்தான் அனுப்புவார்கள். அந்த எண்ணெய் மேல் தண்ணீர் வண்ணம் எப்படி நிற்கும்? ஒரு வருடம் முழுக்க வண்ணத்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன், குற்றவாளி தேங்காயெண்ணெய். இப்போது முதல் வேலை, ஈரத்துணியால் நெற்றி, கன்னம், மூக்கோரம் துடைத்து, மின்விசிறிக்கு நேரே ஒரு நிமிடம் உட்கார வைப்பது. பிறகு பஃபில் தொட்ட பவுடரை லேசாக ஒற்றி, அதிகத்தைத் தட்டிவிடுவேன். முகத்துக்கு நேரே டப்பாவை உதறக் கூடாது, பிள்ளை மூச்சில் போகும். வண்ணம் தொடும் ஸ்பாஞ்ச் பஞ்சை நன்றாகப் பிழிந்து, ஈரம் குறைவாக, மெல்லிசாக ஒரு பூச்சு. காய விட்டு இன்னொன்று. ஒரே தடிப்பான பூச்சைவிட இரண்டு மெல்லிய பூச்சு இரண்டு மடங்கு நேரம் நிற்கிறது. என் அனுபவத்தில் எந்த விலையுயர்ந்த டப்பாவும் இந்த வித்தியாசத்தைத் தந்ததில்லை.

பூசிய வண்ணம் கலையாமல் இருக்க மேலே அடிக்கும் செட்டிங் ஸ்ப்ரே வாங்கலாமா என்று கேட்பார்கள். பெரியவர்களுக்கு நன்றாக வேலை செய்கிறது. பெரும்பாலானவற்றில் ஆல்கஹால் இருப்பதால் குழந்தை முகத்தில் நேராக அடிக்க மாட்டேன். நெற்றிக்கு மட்டும், பஞ்சில் அடித்து ஒற்றி எடுப்பேன், கண் மூடியிருந்தால். பெரும்பாலும் அதுவும் இல்லாமலே சமாளிக்கிறேன்.

நேரத்தைக் கூட்டுவதற்கு நான் கண்ட பெரிய வழி, எங்கே வரைகிறோம் என்பதுதான். மேலுதடு, மூக்கு நுனி, கண்ணுக்குக் கீழே, முடி தொடங்கும் விளிம்பு: இந்த நாலு இடத்தில்தான் முதலில் வேர்க்கும், முதலில் தேய்க்கும். பாயசம் குடித்து வாயைப் புறங்கையால் துடைத்தால் புலியின் மீசை காதுக்குப் போய்விடும். முழு முகப் புலி ஓடி விளையாடும் பிள்ளை மீது ஒன்றரை மணி நேரம் அழகாக இருக்கும், அதற்கப்புறம் அது வேறு ஏதோ மிருகம். நெற்றிப்பொட்டிலிருந்து கன்னத்துக்கு இறங்கும் ஒரு சின்ன வண்ணத்துப்பூச்சி ராத்திரி சாப்பாடு வரை அப்படியே இருக்கும்.

ஓணம் வந்தால் இந்தப் பேச்சு எடுபடாது. திருச்சூரில் நாலாம் ஓணத்தன்று சுவராஜ் ரவுண்டில் நடக்கும் புலி வேஷ ஆட்டமான புலிக்களியை டிவியில் பார்த்துவிட்டு, "அது போல வேணும் சேச்சி" என்று சட்டையைக் கழற்றிக்கொண்டு வந்து நிற்பார்கள். அந்த ஆட்டக்காரர்கள் பொடி வண்ணத்தை வார்னிஷில் குழைத்து, காலையிலிருந்து அடித்து, காய வைத்து, மறுபடி அடித்து நிற்பவர்கள். எடுக்கும்போது மண்ணெண்ணெய். வயசு வந்தவர்கள் தெரிந்தே செய்வது அது. பிள்ளை வயிற்றில் அதைக் கேட்டு ஒரு தாத்தா என்னிடம் சண்டையே போட்டார். நான் வயிற்றில் தண்ணீர் வண்ணத்தில் ஒரு புலி முகம் வரைந்து கொடுத்தேன். தொப்பை குலுங்கும்போது புலி உறுமுகிற மாதிரி இருந்தது, தாத்தாவும் சமாதானமானார்.

அதனால் இப்போது நான்தான் முதலில் கேட்கிறேன், "எதுவரைக்கும் நிக்கணும்?" கேக் வெட்டும் வரை, போட்டோ வரை, மேடையில் ஆடி முடிக்கும் வரை என்றுதான் பதில் வரும். மூன்று மணி நேரத்துக்கு மேல் நிஜமாகத் தேவைப்பட்டவர்கள் மிகக் குறைவு. ஒரு பெண் குழந்தை, கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் அப்பா ஏழு மணி பஸ்ஸில் வந்து பார்க்கும் வரை இருக்கணும் என்றாள். மணி அப்போது பதினொன்று. முகத்தில் ஒன்றும், முழங்கைக்குக் கீழே உட்பக்கம் அதே மயில் இன்னொன்றும் வரைந்தேன். முகத்து மயில் நாலு மணிக்குப் போய்விட்டதாம், கை மயிலை அப்பா பார்த்தார். இரண்டு மூன்று நாள் வேண்டும் என்பவர்களுக்குக் கையில் தோல் பசை வைத்து ஒட்டும் கிளிட்டர் டாட்டூ இருக்கிறது. கிளிட்டர் என்றால் அழகுப் பொருளாக விற்பது மட்டும். கைவினைக் கடைக் கிளிட்டர் முனை கூர்மையானது, கண்ணில் விழுந்தால் கருவிழியைக் கீறும்.

வாங்கும்போது நான் பார்ப்பது லேபிளைத்தான். நம் நாட்டில் அழகுப் பொருட்களுக்கு 2020-இல் வந்த விதிகள் இருக்கின்றன. வண்ணப் பொருளில் ஈயம் பத்து லட்சத்தில் 20 பங்குக்கும், ஆர்சனிக் 2 பங்குக்கும் மேல் போகக் கூடாது. இங்கே செய்ததென்றால் உரிம எண், வெளிநாட்டுச் சரக்கென்றால் பதிவுச் சான்று எண்ணும் இறக்குமதி செய்தவர் பெயரும் இருக்க வேண்டும். சேர்மானப் பட்டியல் இல்லாத, திருவிழாக் கடையில் கிடைக்கும் பன்னிரண்டு நிறத் தட்டை நானும் ஒருமுறை வாங்கினேன். அதிலிருந்த பச்சை ஒரு பையன் கன்னத்தில் மூன்று நாள் இருந்தது. நீடித்து நிற்கும் என்று அட்டையில் போட்டிருந்தது பொய்யில்லை, பாவம்.

பச்சை, நீலம், அடர் சிவப்பு மூன்றும் நல்ல டப்பாவிலும் லேசாகக் கறை விடும். அடியில் வெள்ளை ஒரு பூச்சுக் கொடுத்துவிட்டு மேலே போட்டால் குறைகிறது. எடுக்கும்போது ஈரத் திசுவால் தேய்த்தால் முகம் முழுக்கப் பரவும், தோலும் எரியும். குழந்தை ஷாம்பூ நுரையை விரலில் எடுத்து வட்டமாகத் தேய்த்து, தண்ணீரில் கழுவினால் போதும். நிறம் மிச்சம் இருந்தால் தேங்காயெண்ணெய் தடவி ஐந்து நிமிடம் விட்டு, பஞ்சால் துடைத்து, மறுபடி சோப்பு. ஆரம்பத்தில் குற்றவாளியாக நின்ற எண்ணெய் இங்கே உதவிக்கு வருகிறது.

சுத்தம் பற்றி நான் கறாராக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. 2009-இல் அமெரிக்காவில் ஒரு நிகழ்ச்சியில் முக வண்ணம் பூசிய குழந்தைகளுக்குத் தடிப்பும் எரிச்சலும் வீக்கமும் வந்து, அந்தச் சரக்கையே திரும்பப் பெற்றார்கள். சோதித்தபோது வண்ணத்தில் கிருமிகள் இருந்தன. மழைக்காலத்தில் ஈர வில்லையை அப்படியே மூடி வைத்து எனக்கே இரண்டு டப்பா பூசணம் பிடித்துப் போயின. இப்போது விழா முடிந்து வந்ததும் எல்லா டப்பாவையும் திறந்து ராத்திரி முழுக்க மின்விசிறிக்கடியில் வைத்துவிட்டுத்தான் தூங்குவேன். ஒரு குழந்தைக்கு ஒரு பஞ்சு. நாற்பது பஞ்சு துவைப்பது எரிச்சல்தான், வேறு வழியில்லை. மூன்று வயதுக்குக் கீழே முகத்தில் வரைவதில்லை, கையில் ஒரு பூ போடுவேன். மெட்ராஸ் ஐ, அம்மை, சொறி, ஆறாத காயம் இருந்தால் எவ்வளவு அழுதாலும் முகத்தில் இல்லை. சீக்கிரம் தடிப்பு வரும் தோல் என்றால் முந்தின நாளே அவர்கள் வீட்டுக்குப் போய் முழங்கை மடிப்பில் ஒரு புள்ளி வைத்துவிட்டு வருவேன்.

இப்போதைய பெட்டியில் எட்டு நிறம்தான் இருக்கிறது. கறுப்பும் வெள்ளையும்தான் முதலில் தீரும், அவற்றை இரண்டு இரண்டாக வாங்கி வைக்கிறேன். ஊதா மூன்று வருடமாக அப்படியே இருக்கிறது. யாரும் ஊதாப் புலி கேட்பதில்லை.